பனியில் விட எந்தக் காத்தாடி?

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

பனியை சினிமாவிலும் வீட்டு ஃப்ரீசரிலும் மட்டுமே பார்த்த ஒருவன், பனியில் விடுகிற காத்தாடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாமா? தாராளமாக எழுதலாம் என்பது என் கட்சி. கண்ணால் பார்த்தேயிராத எத்தனை பாய்லர்களைப் பற்றி நாம் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கியிருக்கிறோம்! அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பிக்கிறேன். நம்ம மலரில் வழக்கமாக வரும் 'நட்பு', 'கல்லூரி வாழ்க்கை', 'காதலா கடமையா' வகையறாவுக்கு நடுவில் இது ஒரு மாறுதலாகவும் இருக்கட்டும்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்நோகைட்டிங் என்று ஒரு விளையாட்டு. காலில் பனிச்சறுக்குக் கட்டை. இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு நாலு கயிறு. கயிற்றின் நுனியில் ஐந்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் பரப்பில் ஒரு காத்தாடி. காற்று காத்தாடியை இழுக்கும், காத்தாடி ஆளை இழுக்கும். சமவெளியில் மட்டுமில்லை, மேட்டிலும் ஏற்றிவிடும். பெட்ரோல் செலவு கிடையாது. ஆனால் பிரேக்கும் கிடையாது!

இந்தக் கூத்துக்கும் மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் குடியிருக்கிற எனக்கும் என்ன சம்பந்தம்? என் பெரியம்மா பையன்தான் சம்பந்தம். ஊர் ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி பக்கம். பெரியப்பாவுக்குக் கடல் தொழில். அந்தப் பாக் நீரிணைக் கரையில் கடல் ஆழமில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். காற்று மட்டும் வருஷத்தில் பாதி நாள் விடாமல் அடிக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடை, மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கச்சான். இதைக் கண்டுகொண்டு காத்தாடியில் கடல் சறுக்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் அங்கே வந்துவிட்டன. அண்ணன் அதில் ஒன்றில் போட் பிடிக்கிற உதவியாளாகச் சேர்ந்து, பம்ப் அடித்து, கயிறு பிரித்து, பார்த்துப் பார்த்தே பழகி, இப்போது அங்கேயே வாத்தியார். டிப்ளமா இல்லை, டிகிரி இல்லை. காற்றைப் பார்த்தால் போதும், எத்தனை சதுர மீட்டர் என்று சொல்லிவிடுவார்.

அவரிடம் கற்றுக்கொண்ட நார்வேக்காரர் ஒருவர், "ஏப்ரலில் எங்க ஊருக்கு வாங்க, டிக்கெட், தங்குற இடம் என் பொறுப்பு" என்று கூப்பிட்டார். ஹார்டாங்கர்விட்டா என்ற பீடபூமி. அங்கே ஃபின்சே என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன், கடல் மட்டத்துக்கு 1,222 மீட்டர் உயரத்தில். ஏப்ரலிலும் அங்கே பனி கிடக்கும். நம்ம ஏப்ரலை நான் வர்ணிக்கத் தேவையில்லை! அண்ணனுக்கும் தோதான மாதம்தான். வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு நடுவில் வேலை மந்தம். ஒரே ஒரு நிபந்தனை, காத்தாடி மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அண்ணனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்பது சதுர மீட்டர், காற்றடைக்கிற வகை, அஞ்சாறு வருஷம் உழைத்தது. அதையே தூக்கிக்கொண்டு போவதா, அல்லது அதை விற்றுவிட்டுப் பனிக்கென்றே பேர்போன ஃபாயில் வகை ஒன்று வாங்குவதா? புதுசு என்றால் லட்சத்தைத் தாண்டும். விற்றுவிட்டால் திரும்பி வந்து கடலில் இறங்க எது இருக்கும்? போன வருஷம் பிப்ரவரியில் விசா வேலையாக மெட்ராஸ் வந்தவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே, சொல்லு" என்றார். ஒன்றரை வருஷம் படித்ததற்கு முதல்முதலாக ஒருத்தர் என்னிடம் ஆலோசனை கேட்கிறார். விடுவேனா?

இரண்டு வகையையும் புரிந்துகொள்ள நம்ம காகிதக் காத்தாடியிலிருந்து வருவதுதான் சுலபம். (தெற்கே இதைப் பட்டம் என்பார்கள். நமக்குக் காத்தாடி.) அதில் நேராக ஒரு குச்சி, வில்லாக வளைத்து ஒரு குச்சி. குச்சிதான் எலும்பு, காகிதம் தோல். காற்றடைக்கிற வகையில் மூங்கிலுக்குப் பதில் டியூப். முன் விளிம்பு முழுக்க வில் போல ஒரு தடித்த டியூப், அதிலிருந்து பின்னால் போகிற மூன்று, ஐந்து சின்ன டியூப்கள். கைப்பம்பால் ஏழு பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரத்துக்கு அடித்தால் கட்டை போல விறைத்து நிற்கும். பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகைன்யூ என்ற அண்ணன் தம்பி இருவர் 1984இல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். அவர்கள் நோக்கம் ஒன்றுதான்: காத்தாடி கடலில் விழுந்தாலும் மூழ்கக்கூடாது, ஆள் நீந்திப் போய்த் தூக்கிவிடாமல் தானே திரும்ப எழும்ப வேண்டும். டியூப் மிதக்கும் இல்லையா? ஆனால் கடைக்கு வந்து நன்றாக விற்கத் தொடங்க 1997 ஆயிற்று.

ஃபாயில் வகையில் எலும்பே கிடையாது. (ஃபாயில் என்றதும் பார்சல் சாப்பாட்டைச் சுற்றுகிற அலுமினியத் தாளை நினைக்க வேண்டாம்!) மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் தடுப்புத் துணிகள், தலையணை உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்த மாதிரி. முன்னால் வாய் திறந்திருக்கும். காற்று அந்த வாய் வழியாக உள்ளே புகுந்து நிரம்பியதும் துணி தானே இறக்கையாகிவிடுகிறது. தன்னைத் தள்ளுகிற காற்றையே எலும்பாக வைத்துக்கொள்கிற சாமர்த்தியம்! அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964இல் விண்ணப்பித்து 1966இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சதுர பாராசூட், பாராகிளைடர் எல்லாம் இதன் வாரிசுகள். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசக் காத்தாடி விழா நடந்தபோது மிருகம், மீன் உருவத்தில் ராட்சசக் காத்தாடிகள் பறந்ததைப் பார்த்து, "எவ்ளோ பெரிய பலூன்!" என்று வாய் பிளந்தோமே, அவையும் பெரும்பாலும் பம்ப் அடித்தவை அல்ல, காற்று தானே புகுந்து உப்பியவைதான்.

காத்தாடி கட்டி இழுக்கிற யோசனை ஒன்றும் நேற்றைய சமாசாரம் இல்லை. 1826இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊர்ப் பள்ளி வாத்தியார் ஜார்ஜ் போகாக், காத்தாடி இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சுங்கச்சாவடியில் குதிரைக்குத்தான் கட்டணம், இதில் குதிரையே இல்லையே என்று கேட் திறந்துவிட்டார்களாம். ஓ.எம்.ஆரில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஒரு கிளைக்கதை சொல்லிவிட்டு வருகிறேன், இது பின்னால் தேவைப்படும். எங்கள் தெருவில் மாடிக்கு மாடி காத்தாடி பறந்த காலத்தை அப்பா கதை கதையாகச் சொல்வார். டீல் போடுவது, அறுந்த காத்தாடிக்குத் தெருத்தெருவாக ஓடுவது, கண்ணாடித் தூளும் வஜ்ஜிரமும் காய்ச்சி மாஞ்சா பூசுவது. நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் அந்த மாஞ்சாவின் இன்னொரு முகம்தான். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், அப்பா அம்மாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை கழுத்தில் நூல் அறுத்துச் செத்துப்போனது. நைலான், செயற்கை நூல் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையிலேயே நாடு முழுக்கத் தடை செய்திருந்தது, அப்படியும்! அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காத்தாடி என்ற வார்த்தைக்கே தடை. அதனால்தான் அண்ணன் ஆள் உயரப் பையைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டதும் அம்மா, "இதுல நூல் இருக்கா?" என்று முதல் கேள்வி கேட்டாள்.

நூல் இருக்கிறது. பாலிஎதிலீன் வகையில் ஒன்றான டைனீமா. ஒவ்வொரு கயிறும் ஒன்றிரண்டு ஆட்களைத் தொங்கவிட்டாலும் தாங்கும். கண்ணாடித் தூள் கிடையாது. ஆனால் விறைப்பாக இருக்கும்போது உரசினால் இதுவும் தோலைக் கிழிக்கும் என்பதை அண்ணன் மறைக்கவில்லை. "அதுக்குத்தேன் சித்தி, காத்து போற பக்கம் ரெண்டு கயிறு தூரத்துக்கு ஒரு ஆள நிக்க விடமாட்டோம்" என்றார். அம்மா அரை மனசோடு தலையாட்டினாள்.

சரி, கடற்கரைக்குப் போவோம். அண்ணன் தன் டியூப் காத்தாடியையும், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஆறு சதுர மீட்டர் ஃபாயிலையும் கொண்டுவந்திருந்தார். ஒரு வார நாள் மதியம். இரண்டு பை, ஒரு பம்ப், லஸ்ஸில் 29சி பஸ். கண்டக்டர் பையைப் பார்த்து, "இன்னா சார், மீன்வலையா?" என்றார். லக்கேஜ் போட்டார். பெசன்ட் நகரில் இறங்கி, எலியட்ஸ் பீச்சில் சுண்டல், பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி, வடக்கே ஊரூர் குப்பத்துக்கும் அப்பால் அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் ஆள் இல்லாத மணலில் கடையைப் பரப்பினோம். ஒன்றரை மணிக்கெல்லாம் கடல் காற்று எழும்பிவிட்டது.

முதலில் டியூப். பையிலிருந்து எடுத்து விரித்து, பம்ப் மாட்டி, நான் அடித்தேன். ஒர்க்ஷாப்பில் ஃபைல் போட்டபோதுகூட அவ்வளவு வேர்க்கவில்லை. கயிறு மாட்டி முடிக்கப் பதினைந்து நிமிஷம். ஆனால் அதற்குப் பிறகு பாருங்கள், கவிழ்த்துப் போட்டு முன் விளிம்பில் மணலை அள்ளி வைத்ததும் சமத்தாகக் கிடந்தது. அண்ணன் சைகை காட்ட, நான் விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சர்ரென்று மேலே. எவ்வளவு முரட்டுத்தனமாகத் தரையில் அடித்தாலும் உருவம் மாறவில்லை. எலும்புள்ள பிராணி!

அடுத்து ஃபாயில். பை பள்ளிக்கூடப் பை அளவுதான். உதறி விரித்து, பின் விளிம்பில் மணல் போட்டு, கயிறு மாட்டி, ஆறே நிமிஷம். என்னைத் தூரப் போகச் சொல்லிவிட்டார். தூக்கிவிட ஆளே வேண்டாம். கயிற்றைச் சுண்டி இழுத்ததும் வாய்க்குள் காற்று புகுந்து, 'புஸ்' என்று உப்பி, தானே எழுந்தது. பரப்பு குறைவாக இருந்தும் இழுவையில் சளைக்கவில்லை. காற்று கொஞ்சம் தளர்ந்த நேரத்திலும் தொங்காமல் நின்றது. வினை, நூலில்தான் இருந்தது. காகிதக் காத்தாடியில் சூத்திரம் என்பது இரண்டு மூன்று முடிச்சு சமாசாரம், அது சரியில்லை என்றால் காத்தாடி குத்துக்கரணம் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபாயிலின் சூத்திரமோ ஆலமரம் மாதிரி. கீழே நாலு கயிறு, மேலே போகப் போகக் கிளைத்துக் கிளைத்து நூற்றுக்குப் பக்கம் நூல். ஒரு தடவை சிக்கிக்கொண்டது. பிரிக்க இருபது நிமிஷம் ஆனது. குப்பத்துப் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்து உதவினார்கள். வலை பிரித்துப் பழகிய விரல்கள், எங்களைவிட வேகம். "அண்ணா, இதுல டீல் போடலாமா?" என்று ஒருத்தன் கேட்டான். அண்ணன் காதைத் திருகுகிற மாதிரி கையைக் கொண்டுபோனார்.

ரோந்து வந்த போலீஸ்காரரும் எட்டிப் பார்த்தார். காத்தாடி என்றதும் அவர் முகம் மாறியதில் தப்பில்லை. கயிற்றைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மாஞ்சா இல்லை என்று தெரிந்ததும், "ஜனம் வந்தா இறக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, போகாமல் கால் மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

அன்று நாங்கள் உண்மையில் பார்க்க வந்தது வேறு. உச்சிப்புளியிலிருந்து கிளம்பும்போது பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பியிருந்தாள். "எது சல்லிசு, எது நல்லாப் பறக்கும்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. எத வெரசா விட முடியும்னு எனக்குச் சொல்லுங்க." பெரியப்பா ஒரு தடவை கச்சான் காற்றில் படகோடு இழுத்துப் போகப்பட்டு இரண்டு நாள் கழித்துக் கரை சேர்ந்தவர். அந்த இரண்டு நாளைக் கரையில் உட்கார்ந்து எண்ணியவள் பெரியம்மா. நானும் எத்தனையோ கணக்குப் போட்டேன், இந்தக் கேள்வி அளவுக்கு எதுவும் நேராக விஷயத்தைத் தொடவில்லை.

இடுப்புப் பட்டையின் கொக்கியில் ஒரு பாதுகாப்புப் பிடி உண்டு. முன்னால் தள்ளினால் மூன்று கயிறுகள் விடுபட்டு, காத்தாடி ஒரே கயிற்றில் கொடி போலத் தொங்கி, பலம் இழந்து விழும். இரண்டிலும் அஞ்சஞ்சு தடவை தள்ளிப் பார்த்தோம். டியூப் ஒவ்வொரு தடவையும் மடங்கி மல்லாந்து விழுந்து கிடந்தது. ஃபாயில் நாலு தடவை ஈர வேட்டி போலச் சுருண்டு விழுந்தது. அஞ்சாவது தடவை விழுந்த இடத்தில் வாய்க்குள் காற்று புகுந்து மறுபடி பாதி உப்பி நாலு அடி இழுத்தது. எங்கே பிடித்தால் அடங்கும் என்று அண்ணன் கண்டுபிடித்துக்கொண்டார், பின் விளிம்புக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் அடங்குகிறது. ஆனால் அந்த நாலு அடி என் மனசில் உட்கார்ந்துவிட்டது. பெரியம்மாவுக்குப் போனில் சொன்னபோது, அந்த அஞ்சாவது தடவையையும் சேர்த்தே அண்ணன் சொன்னார்.

ராத்திரி மொட்டை மாடியில் கணக்கு. நண்பர்களே, இந்த இடத்தில் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஏழு பி.எஸ்.ஐ. என்பது கேஜ் அழுத்தம். வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்டினால் 21.7. முப்பது டிகிரி அறைக்குள் அடித்த காத்தாடியை மைனஸ் பத்துக்குக் கொண்டுபோனால், 303 கெல்வின் 263 ஆகிறது. 21.7ஐ 263ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 18.8. அதிலிருந்து 14.7 போனால் மிச்சம் 4.1. ஏழு நாலாகிவிட்டது! டியூப் தொளதொளத்துவிடும். ஆகவே குளிர் காயும் அறையில் சுகமாக அடித்துவிட்டு வெளியே தூக்கிப் போகிற வேலை ஆகாது. அந்த மைனஸ் பத்திலேயே நின்றுதான் பம்ப் அடித்தாக வேண்டும். குளிரில் உள்டியூபும் பம்பின் வாஷரும் விறைக்கும். ஃபாயிலுக்கு இந்தத் தலைவலியே இல்லை. போர்ஜ் ஓஸ்லாண்ட் என்ற நார்வேக்காரர் 1996-97இல் தனியாளாக அண்டார்ட்டிகாவைக் குறுக்கே கடந்தபோது, 64 நாளில் 2,845 கிலோமீட்டர், காற்று வாக்காக இருந்த இடமெல்லாம் துணிப் பாயை விரித்துத்தான் இழுத்துக்கொண்டு போனார். அவர் சறுக்கு வண்டியில் பம்புக்கு எங்கே இடம்!

இன்னொரு கணக்கு. குளிர்ந்த காற்று கனம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.165 கிலோ, மைனஸ் பத்தில் 1.342. பதினைந்து சதவீதம் கூடுதல், இழுவையும் அதே அளவு கூடும். அடேயப்பா என்று எழுந்து உட்கார்ந்தேன். பிறகு ஃபின்சேயின் உயரம் ஞாபகம் வந்தது. 1,222 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 86 சதவீதம்தான். 1.15ஐ 0.86ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்று! குளிர் கொடுத்ததை உயரம் பிடுங்கிக்கொண்டது. இந்த விடை வந்ததும் அண்ணனை எழுப்பிச் சொன்னேன். "அப்ப நம்ம கடக்கரைக் காத்துதான் அங்கிட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வித்தியாசம் உராய்வில்தான். மெழுகு தடவிய சறுக்குக் கட்டைக்கும் பனிக்கும் உராய்வுக் கெழு சுமார் 0.05. எழுபது கிலோ ஆள் சமதளத்தில் நகர மூன்றரை கிலோ இழுவை போதும். தண்ணீரில் பலகையை எழுப்ப ஆகும் பலத்தில் இது ஒரு பங்கு. ஆகவே கடலில் ஒன்பது வைத்திருப்பவருக்குப் பனியில் ஆறு, ஏழு போதும் என்பது அந்த நார்வேக்காரரின் கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பழைய ஒன்பதைத் தூக்கிக்கொண்டு போவது வீரம்தான், புத்திசாலித்தனம் இல்லை. தவிர, ஏப்ரலில் பகல் வெயிலில் இளகிய பனி ராத்திரியில் மறுபடி உறைந்து, காலையில் மேற்பரப்பு உடைந்த கண்ணாடி மாதிரி இருக்குமாம். அதில் உப்பிய டியூப் மோதினால்?

இதற்கு எதிர்க்கட்சி வாதம் தி.நகரில் கிடைத்தது. டியூப் காத்தாடியின் முன் விளிம்பில் ஒரு விரல் நீளம் கிழிசல் இருந்தது. விற்பதோ வைத்துக்கொள்வதோ, தைத்தாக வேண்டும். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஸ்கூல் பை தைக்கிற பாய் ஒருவர் உண்டு. கல்யாணக் கூட்டத்தில் அந்தப் பையோடு நீந்திப் போய்ச் சேர்ந்ததைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். பாய் துணியைச் சுண்டிப் பார்த்து, "குடைத்துணிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கே" என்றார். கெட்டி பாலியஸ்டர் நூலில் வளைந்து வளைந்து போகிற தையல் போட்டுக் கொடுத்தார். பிறகு ஃபாயிலை விரித்துக் காட்டினோம். வாய்க்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, "வெளித் துணி கிழிஞ்சா கொண்டாங்க. உள் தடுப்பு கிழிஞ்சா என்கிட்ட வராதீங்க தம்பி, பாதி காத்தாடியைப் பிரிச்சாத்தான் அங்க ஊசி போகும்" என்றார். டியூபுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உள்டியூப் ஓட்டையானால் வெளியே உருவி, சோப்புத் தண்ணியில் முக்கி, சைக்கிள் கடைப் பாணியில் பஞ்சர் ஒட்டிவிடலாம். பாயின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் என் கணக்கு நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

கடைசியில் சண்டை வந்தது டியூபா ஃபாயிலா என்பதில் இல்லை, எந்த ஃபாயில் என்பதில்! ஃபாயிலில் இரண்டு ரகம். வாய் அகலத் திறந்தது ஒன்று: சட்டென்று உப்பும், எடை குறைவு, விலை குறைவு, பனிக்கென்றே செய்த மாதிரி. ஆனால் கடலில் விழுந்தால் தண்ணீர் குடித்துச் செத்த மாடாகிவிடும். வாயில் வால்வு வைத்து மூடியது இன்னொன்று: உள்ளே போன காற்று வெளியே வராது, தண்ணீரிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விலை கூட. நான் முதல் ரகத்துக்கு வாதாடினேன். பனிக்குப் போகிறோம், பனிக்கு எது நல்லதோ அதை வாங்குவோம் என்பது என் தரப்பு. இன்றைக்கும் பனியை மட்டும் கேட்டால் அதையேதான் சொல்வேன்.

அண்ணன் சொன்னார்: "தம்பி, பனி மூணு வாரம். மிச்ச வருசம் பூராம் கடலு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் காத்தாடிப் பந்தயம் சேர்த்தார்களே, மார்சே நகரத்துக் கடலில், அதில் ஓடியவை இந்த ஃபாயில் ரகம்தான். ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸ், பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வாங்கினார்கள். ஆக, கடலுக்கு ஃபாயில் ஆகாது என்பது பழங்கதை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஆகாது என்பது மட்டும் உண்மை. அவர்களுக்குப் பள்ளியின் டியூப் காத்தாடிகள் இருக்கவே இருக்கின்றன.

பழைய ஒன்பதை அண்ணன் ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முப்பதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டான், மாசா மாசம் தவணையில். இலங்கையில் கற்பிட்டிக் கடற்கரையில் வேலை பார்க்கிற நண்பர் மூலமாக, வால்வு வைத்த ஏழு சதுர மீட்டர் ஃபாயில் ஒன்று, செகண்ட்ஹாண்ட், அறுபதாயிரத்துக்குப் படிந்தது. துண்டு விழுந்த பணத்துக்குப் பெரியம்மா சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த அன்றே மகனை வீட்டுக்குப் பின்னாடி மணலில் நிறுத்தி, அந்தப் பிடியைத் தள்ளித் தள்ளிக் காட்டச் சொன்னாளாம். எத்தனை தடவை என்று கேட்டேன். "கை வலிக்கிற வரைக்கும்" என்றார்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஃபின்சேயிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் காற்று, நடு நடுவே அண்ணன். மைனஸ் ஒன்பது. விரித்து ஏற்ற நாலு நிமிஷம். அருகில் டியூப் வைத்திருந்த இரண்டு பேர் இன்னும் பம்ப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு சிரிப்பு. மூன்றாம் நாள் மூடுபனியில் சூத்திர நூல் அத்தனையிலும் ஐஸ் படிந்து, காத்தாடி ஒரு பக்கமாகவே இழுத்திருக்கிறது. நூல் நூலாக உருவி உதிர்த்தாராம். ஐந்தாம் நாள் ஒரு சுழல் காற்றில் கால் தரையை விட்டுக் கிளம்பியதும் பிடியைத் தள்ளிவிட்டார். இறங்கினார், உட்கார்ந்தார், அடி இல்லை. காத்தாடி ஐஸ் விளிம்பில் உரசிக் கிழிந்தது. வெளித் துணி ஒரு சாண். உள் தடுப்பு ஒன்று.

வெளித் துணியைப் பாய் தைத்துவிட்டார். உள் தடுப்பு அப்படியே இருக்கிறது, அண்ணன் அதோடுதான் இப்போது கடலில் இறங்குகிறார், வலது பக்கம் கொஞ்சம் நொண்டுகிறது. பூச்சு ஏற்றிய ரிப்ஸ்டாப் நைலான் துணி மீட்டர் கணக்கில் மெட்ராஸில் எங்கே கிடைக்கும், பாதி காத்தாடியைப் பிரிக்காமல் உள் தடுப்பை மாற்ற வழி உண்டா என்று தெரிந்த நண்பர்கள் யாராவது இருந்தால், மதிய இடைவேளையில் மெஷின் ஷாப் பக்கம் வாருங்கள். காத்தாடி இப்போது எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, மே மாசம் பிறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.